நாற்பத்தொரு நாள் மணிக்கட்டு

கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்
13 ஆகஸ்ட் 2025

கல்லாறு பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு,

உங்கள் பெயர் தெரியாது. போன் நம்பரும் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டே கேட்டிருப்பேன். பொன்முடி பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் லிபி சேச்சி எங்கள் கடையில்தான் புடவை எடுப்பார். அவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்குக் கீழே ஆற்றுப் பாறையில் நின்று போட்டோ எடுக்கப் போய், வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டவன் நான்தான். பெயர் வீரபாண்டி. சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். ஒன்பது வருஷமாக இங்கே ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். கடையில் வேலை பார்க்கும் எல்லோருமாகத்தான் அன்று பொன்முடி மலைக்குச் சுற்றுலா கிளம்பினோம்.

"கண்ண மூடிக்கிடுங்க" என்றீர்கள். மூடினேன். முகத்தில் தண்ணீர் தெளிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? பிரசவ வலி மாதிரி என்று எழுதியிருந்தேன். எங்கள் கடை சபீனா மூன்று பிள்ளை பெற்றவள், எட்டிப் பார்த்து அதை அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன். ஆனால் ஒரு முட்டை வேகும் நேரம் நான் போட்ட சத்தத்தை அவள் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். காலையில் எழுந்திருக்க இப்போது அதைத்தான் அலாரமாக வைத்திருக்கிறாள்.

கை கூடிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுத்தேன். "இது ஆறு மாசம் முன்ன ஒடைஞ்சு கூடின எலும்பாக்கும், இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

என் புகார் அது இல்லை. அன்றிலிருந்து வீட்டில் இருந்தால் கை வலிப்பதில்லை. பஸ்ஸில் தொங்கினாலும் வலிப்பதில்லை. கடையில் புடவையை விரித்து வாயைத் திறந்தால் வலிக்கிறது. நேற்று ஒரு அம்மாவிடம் "சாயம் போகவே போகாதும்மா" என்றேன். மணிக்கட்டில் ஆணி இறங்கியது. "இன்னைக்குத்தான் வந்த சரக்கு" என்றேன். இன்னொரு ஆணி. ஓணம் வருகிறது. இந்தக் கையோடு நான் எப்படி வியாபாரம் செய்வேன்?

என் கையை என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வீரபாண்டி


கல்லாறு
16 ஆகஸ்ட் 2025

வீரபாண்டி அண்ணாச்சிக்கு,

என் பெயர் சுடலைமாடத்தி. எல்லோரும் மாடத்தி என்பார்கள். அன்று நீங்கள் வைத்த பெயர்களும் நினைவிருக்கின்றன: பேய் இரண்டு தடவை, கொலைகாரி ஒரு தடவை. உங்கள் சத்தத்தைக் கேட்டு ஒரு வேன் ஆட்கள் ஆம்லெட்டைக் கல்லில் விட்டுவிட்டு வேனில் ஏறி மலைமேல் போய்விட்டார்கள். அதை நானும் அப்பாவும் இரண்டு நேரம் தின்றோம்.

நான் ஆசைப்பட்டு உங்களைத் தொடவில்லை. யாரையும் தொடுவதில்லை என்று நான்கு வருஷமாக இருக்கிறேன். அன்று மழையில் மரம் விழுந்து கீழே இறங்குகிற ரோடு அடைத்துக் கிடந்தது. உங்கள் விரல் ஐந்தும் நீலம் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கை போயிருக்கும். அதனால்தான் பிடித்தேன்.

ஒடிந்த எலும்பு கூட ஆறு வாரம் ஆகும். என் கை பட்டால் உடனே கூடும். ஆனால் அந்த ஆறு வார வலியை எடுத்து ஆற்றில் எறிய எனக்குத் தெரியாது. புடவையை மடிப்பது போல மடித்து ஒரே இடத்தில் வைக்கத்தான் தெரியும். இது எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பதினேழு வயதில் ஒடிந்த கோழிக்காலைப் பிடித்தபோது வந்தது. அந்தக் கோழியும் உங்களை மாதிரிதான் சத்தம் போட்டது.

இப்போது உங்கள் புகார். உங்கள் கை புடவை விற்பதற்கு வலிக்கவில்லை. பொய் சொல்வதற்கு வலிக்கிறது. என்னிடம் கூடிய எலும்பு நாற்பத்தொரு நாளைக்குப் பொய் தாங்காது. செப்டம்பர் 19 வரை. சின்னப் பொய்க்குச் சின்ன வலி. ஒருவரை நம்பவைத்து ஏமாற்றுகிற பெரிய பொய் சொன்னால் எலும்பு விட்டுப் போகும். போனால் போனதுதான், என் கைவேலை அத்தோடு முடிந்தது, பழையபடி ஒடிந்த கையோடு நிற்பீர்கள். சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது. ஆகவே சும்மா இருங்கள்.

எழுதினாலும் இதே கதைதான், எழுதுகிற கை அதுதானே. எனவே பதில் எழுத வேண்டாம்.

மாடத்தி


கிழக்கேகோட்டை
21 ஆகஸ்ட் 2025

மாடத்தி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். மன்னிப்புக் கேட்காமல் விட மனசு கேட்கவில்லை. பேய் என்றது தப்பு. கொலைகாரி என்றதும் தப்பு. பார்த்தீர்களா, எழுத்து நேராக இருக்கிறது. மனசார எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் முதலாளி அருமைநாயகம், நாகர்கோவில்காரர், தொண்டை கட்டிவிட்டதென்று சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு டீச்சர் வந்தார். கிளிப்பச்சைப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று, "எனக்கு எப்படி இருக்கு?" என்றார். சிரித்தேன். விடவில்லை. "சொல்லுங்க சேட்டா, எப்படி இருக்கு?"

முதலாளி பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆனது ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்: "புடவை நல்லா இருக்கு டீச்சர். நீங்க எங்கன்னுதான் தெரியல. அது உங்கள முழுங்கிட்டு. அந்த மாம்பழக் கலர எடுத்துப் போட்டுப் பாருங்க."

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு மாம்பழக் கலரைப் போட்டார். கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினார். அதை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கும் தங்கைக்கும் என்னையே எடுத்துத் தரச் சொன்னார். முதலாளி என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனார். "ஏல, என்ன புதுசா?" என்றார். "நாப்பத்தொரு நாள் விரதம் முதலாளி" என்றேன். அது பொய் இல்லை போலிருக்கிறது. வலிக்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. கை நன்றாக இருக்கிறது. உங்களைப் பற்றி அதற்குப் பிறகு நான் நினைக்கவே இல்லை.

வீரபாண்டி


கல்லாறு
25 ஆகஸ்ட் 2025

வீரபாண்டி அண்ணாச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. மன்னிப்பு நேர் எழுத்தில் இருந்தது, ஏற்றுக்கொண்டேன். கடைசி வரி மட்டும் ஏன் ஓணான் ஓடியது போல இருக்கிறது? பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். அவர் பெயர் வேலப்பன், கண்ணாடி போடாமல் எதையும் பார்ப்பவர். "பஸ்ஸுல வச்சு எழுதிருப்பாம்" என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

டீச்சர் கதையை லிபி சேச்சிக்கும் படித்துக் காட்டினேன். அவருக்குப் போன வருஷம் நீங்கள் விற்ற ஊதாப் புடவை முதல் தண்ணீரிலேயே ரோஜா நிறமாகிவிட்டதாம். "அவன்ட்ட செப்டம்பர் பத்தொம்பதுக்குள்ள வந்து ஒரு சாரி எடுக்கணும் கேட்டோ" என்கிறார்.

நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டிருக்கிறேன். வைத்தியம் ஒன்றும் இல்லை. நிறையப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

இங்கே நல்ல மழை. கூட்டம் இல்லை. பாறையில் யாரும் ஏறாமல் அப்பா கயிறு கட்டியிருக்கிறார்.

மாடத்தி


கிழக்கேகோட்டை
31 ஆகஸ்ட் 2025

மாடத்தி அவர்களுக்கு,

ஊறுகாய் தீர்ந்துவிட்டது. சபீனா பாதி தின்றாள் என்று எழுத நினைத்தேன், கை விடவில்லை. முக்கால்வாசி நானே தின்றேன்.

இங்கே ஓணக் கூட்டத்தில் நிற்க இடமில்லை. அந்த டீச்சர் தன் ஸ்கூல் முழுக்கச் சொல்லியிருக்கிறார். "உள்ளது சொல்லுற சேட்டன் எவிடே?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் நேரே என்னிடம் வருகிறார்கள். ஒரு பெரியம்மா ஓணத்துக்கு உடுத்தும் வெள்ளைச் செட்டுமுண்டு எடுக்க வந்து, ஜரிகைக் கரையைத் தொட்டுப் பார்த்தார். "இந்தக் கசவு கறுக்குமா மோனே?" என்றார். "ரெண்டாவது ஓணத்துக்குக் கறுத்துரும். இன்னொண்ணு இருக்கு, அது நாலு ஓணம் தாங்கும்" என்றேன். அதைக் கேட்டு அவருக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் நாலு ஓணம் கேட்டார்கள். முதலாளிக்குச் சந்தோஷமும் பயமும். ரெண்டு ஓணச் சரக்கை என் கண்ணில் படாமல் மாடிக்கு ஏற்றிவிட்டார்.

ஒரு கஷ்டமும் உண்டு. ஊரிலிருந்து அம்மா போனில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். "போட்டோ அனுப்பிருக்கேன், பிடிச்சிருக்கால?" என்றாள். முன்னால் என்றால் "யோசிச்சுச் சொல்லுதேம்மா" என்று தப்பித்திருப்பேன். இப்போது யோசிக்கப் போவதில்லை என்பது எனக்கே தெரிவதால் அதைச் சொன்னாலும் வலிக்கிறது. "வேண்டாம்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். என்னை அண்ணாச்சி என்று எழுதாதீர்கள். காரணம் கேட்டால் எழுத வேண்டிவரும், எழுதினால் நேராகத்தான் வரும், ஆகவே கேட்காதீர்கள்.

நான் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பெரிய வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் மலையடியில் ஆம்லெட் போடுகிறீர்கள்?

வீரபாண்டி


கல்லாறு
3 செப்டம்பர் 2025

வீரபாண்டிக்கு,

அண்ணாச்சியை எடுத்துவிட்டேன். காரணம் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நாங்கள் முன்னால் விழிஞ்ஞத்தில் இருந்தோம். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டிருந்தார். ஒரு நாள் படகுக்கும் கரைக்கும் நடுவில் மாட்டிக் கால் ஒடிந்த ஒரு மீன்காரரைத் தொட்டேன். அவர் எழுந்து நடந்ததை ஊரே பார்த்தது. மறுநாள் வாசலில் இருபது பேர். அடுத்த வாரம் லாரியில் வந்தார்கள். கடையில் டீ குடிக்க இடமில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசையாக அலறல். கை கூடிப் போனவர்கள் வீட்டுக்குப் போய் உண்மை பேச, அங்கே வேறு அலறல். முதலில் கால் கூடிய மீன்காரர் பெண்டாட்டியிடம் என்ன சொன்னாரோ, அந்த அம்மாள் துடைப்பத்தோடு என்னைத் தேடி வந்தாள். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சிரிப்பு வராதது ஒன்று இருக்கிறது. யாருக்காவது எலும்பு கூட்டினால் என் இரண்டு கையும் மரத்துப்போகும். ஒருவர் என்றால் ஒரு வாரம் பத்து நாளில் திரும்பிவிடும். தினமும் என்றால் திரும்ப நேரமில்லை. விழிஞ்ஞத்தில் ஒரு வருஷம் எனக்குக் கையில் சூடு, குளிர், ஈரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் என்னவோ கருகும் வாசனை வந்தது. பார்த்தால் அடுப்புக்கல்மேல் என் கை இருந்தது. அன்றைக்கே அப்பா சாமான்களைக் கட்டினார். "வேற ஆளு எலும்ப விடு, என் பிள்ளைக்குக் கை வேணும்" என்றார். யாருக்கும் தெரியாமல் இங்கே வந்தோம்.

உங்களுக்குப் பிறகும் மரத்துத்தான் போனது. ஒன்பதாம் நாள் டீ கிளாஸ் சுட்டது. அப்பாவைக் கூப்பிட்டு விரலைக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

ஓணத்துக்கு லிபி சேச்சி ஒரு புடவை கொண்டுவந்து கொடுத்தார். யார் கொடுத்துவிட்டது என்று சொல்லவில்லை. மயில்கழுத்து நிறம். எனக்கு அது நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாடத்தி


கிழக்கேகோட்டை
9 செப்டம்பர் 2025

மாடத்திக்கு,

அந்தப் புடவையை எடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒன்பது வருஷத்தில் யாருக்கும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. உங்களை ஒரே ஒரு தடவை, அதுவும் கண்ணில் தண்ணீரோடு பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அது உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

சுற்றி வளைத்து எழுத முயன்றேன். நாலு காகிதம் கிழிந்தது. ஆகவே நேராக எழுதுகிறேன். எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. ஊறுகாய்க்கு முன்னாலேயே பிடித்துவிட்டது. எழுத்தைப் பாருங்கள். கோணல் இருந்தால் கிழித்து அடுப்பில் போடுங்கள்.

இதை மட்டும் எழுதி நிறுத்த ஆசை. ஆனால் ஒரு கெட்ட செய்தி இருக்கிறது. சபீனா எடுத்த வீடியோவை அவள் தம்பி யாருக்கோ அனுப்பி, அது பலர் கைக்குப் போய்விட்டது. உங்கள் முகம் அதில் இல்லை. இரண்டு கையும் என் அலறலும்தான். விஜய்குமார் என்று ஒருவர் கடைக்குப் போன் செய்தார். கடற்கரையில் பெரிய சிகிச்சை ரிசார்ட் கட்டுகிறாராம். விழிஞ்ஞத்தில் விசாரித்திருக்கிறார், நாற்பத்தொரு நாள் விஷயம் உட்பட எல்லாம் தெரிகிறது. வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க வருகிறார். சபீனா அழுதுகொண்டே இருக்கிறாள். அலாரத்தை மாற்றிவிட்டாள்.

நான் என்ன செய்யட்டும்?

வீரபாண்டி


கல்லாறு
10 செப்டம்பர் 2025

வீரபாண்டிக்கு,

அவர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் முன்பே ஒரு ஊரை விட்டு வந்தவர்கள்தான், இன்னொன்றை விட்டால் ஒன்றும் ஆகாது. அப்பா பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். உங்களுக்குப் புடவை விரிக்க அந்தக் கை வேண்டும். வீரம் காட்ட வேண்டாம்.

மற்றதற்குப் பதில். உங்கள் எழுத்து நேராகத்தான் இருந்தது. மூன்று தடவை பார்த்தேன். ஆனால் வலிக்குப் பயந்து வருகிற உண்மையை நான் விழிஞ்ஞத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். கழுத்தைப் பிடித்து வாங்கினது போலிருக்கும். உங்களிடம் அப்படி வாங்க எனக்கு விருப்பமில்லை. பத்தொன்பதாம் தேதி போகட்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆன பிறகும் இதையே சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள்.

அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தால் பொய்யாகாது.

மாடத்தி


கிழக்கேகோட்டை
14 செப்டம்பர் 2025

மாடத்திக்கு,

எழுத்து கோழி கிறுக்கினது போல இருந்தால் பயப்பட வேண்டாம். இடது கையால் எழுதுகிறேன். கடை மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டு மறுபடி ஒடிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம்.

அந்த விஜய்குமார் வரவே இல்லை. இனி வரமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அப்பாவிடம் பாத்திரங்களை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

வலி ஒன்றும் இல்லை.

வீரபாண்டி


கல்லாறு
16 செப்டம்பர் 2025

வீரபாண்டிக்கு,

இடது கைக்குப் பொய் வலிக்காது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நேற்று லிபி சேச்சி பஸ்ஸில் சபீனா வந்து இறங்கினாள். வந்ததும் என் காலில் விழப் பார்த்தாள். உட்காரவைத்து டீ கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நடந்ததை எல்லாம் சொன்னாள்.

அவர் கடைக்கு வந்திருக்கிறார். எல்லோர் முன்னாலும் போனைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் பேசவில்லை. "கல்லாறு டீக்கடைப் பொண்ணு அல்லே? ஆமான்னோ இல்லன்னோ ஒண்ணு சொல்லு. பேசாம நின்னா ஆமான்னு எடுத்துக்கிடுவேன்" என்றிருக்கிறார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "பொய் சொன்னா நீ கத்துவே. உன் சத்தம் எனக்குத் தெரியும்" என்றாராம்.

அப்போது நீங்கள் சொன்னீர்களாம்: "அது கல்லாறு இல்ல சார். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. என் கை ஒடையவே இல்ல, சும்மா விளையாட்டுக்குக் கத்தினேன்."

மூன்றாவதைச் சொல்லும்போது எலும்பு விட்ட சத்தம் பக்கத்தில் நின்ற தனக்குக் கேட்டது என்றாள். நீங்கள் கத்தவில்லை. கையைப் புடவை அடுக்குக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தீர்களாம். "சாருக்கு வீட்டுக்கு ஏதாவது எடுத்துக் காட்டட்டுமா?" என்று கேட்டீர்களாம். அவர் உங்கள் முகத்தையே பார்த்துவிட்டு, "வேஸ்ட்" என்று சொல்லி இறங்கிப் போனார். கார் திரும்பிய பிறகுதான் நீங்கள் தரையில் உட்கார்ந்தீர்கள் என்றாள்.

ஒரு முட்டை வேகும் நேரம் மலை அதிரக் கத்தினவர் நீங்கள். சபீனா சொல்லி முடித்ததும் நான் எழுந்து ஆற்றுப்பக்கம் போய்விட்டேன். அப்பா கொஞ்ச நேரம் கழித்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்ப் பாத்திரக் கட்டை அவிழ்த்தார். அந்தச் சத்தம் ஆறுவரை கேட்டது.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். கையைத் தயாராக வைத்திருங்கள். இந்தத் தடவை கண்ணை மூடச் சொல்லமாட்டேன்.

மாடத்தி


கிழக்கேகோட்டை
21 செப்டம்பர் 2025

மாடத்திக்கு,

நீங்கள் வந்து போன பிறகு கடையில் யாரும் என்னை வேலை செய்ய விடவில்லை. மயில்கழுத்துப் புடவையில் ஒரு பெண் படியேறி வந்ததும் முதலாளி எழுந்து, "வாங்க, வாங்க, பட்டா, காட்டனா?" என்றார். நீங்கள் "கை" என்றீர்கள். அவருக்கு இன்னும் புரியவில்லை.

பிறகு நீங்கள் என்னைத் துரத்தியதை முதலாளி தினமும் ஒரு தடவை சொல்லிச் சிரிக்கிறார். நான் செட்டுமுண்டு அடுக்கைச் சுற்றி ஓடினேன், நீங்கள் பின்னால் வந்தீர்கள். நான் ட்ரையல் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நீங்கள் வெளியே நின்று, "இறங்கிப் போகமாட்டேன், தெறங்க" என்றீர்கள். "அஞ்சு நிமிஷ வலிக்குப் பயமா?" என்று கேட்டீர்கள்.

கதவுக்குப் பின்னால் நின்று சொன்னதைச் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. சபீனாவும் முதலாளியும் கேட்டுக்கொண்டு நின்றதால் அவசரப்பட்டேன். எனவே இடது கையால் நிதானமாக எழுதுகிறேன்.

வலிக்கு எனக்குப் பயம் உண்டு. ரொம்பவே உண்டு. ஆனால் நான் ஒளிந்தது அதற்காக இல்லை. நீங்கள் தொட்டால் ஒன்பது நாள் உங்களுக்குச் சூடும் ஈரமும் தெரியாது. எனக்கு அது வேண்டாம். இந்த எலும்பு ஊரில் எல்லோருக்கும் கூடுவது போல ஆறு வாரம் எடுத்துக்கொண்டு கூடட்டும். கொஞ்சம் அரிக்கிறது, கொஞ்சம் குடைகிறது, தாங்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் தொட்டால் மறுபடி நாற்பத்தொரு நாள் ஆரம்பிக்கும். நீங்கள் கேட்ட பத்தொன்பதாம் தேதி இன்னும் தள்ளிப் போகும். எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நேற்று ஒரு அம்மாவிடம் சாயம் போகாது என்று சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. வெட்கமாக இருந்தது, படியிறங்கிப் போனவரைக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தேன். அதனால் என் பேச்சுக்கு இனி எந்தக் கை உத்தரவாதமும் கிடையாது. கிறுக்கலில் நேர் எது கோணல் எது என்று உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. கட்டிக்கொள்ள ஆசை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "யாருல அது?" என்றாள். பெயரைச் சொன்னேன். "சுடலைமாடத்தியா? நம்ம சாமி பேரால்லா இருக்கு" என்றாள். பிறகு, "கூட்டிட்டு வா, பாக்கேன்" என்றாள்.

வீரபாண்டி


கல்லாறு
28 செப்டம்பர் 2025

வீரபாண்டிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஏன் தாமதம் என்று லிபி சேச்சி தினமும் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார். முந்தாநாள் பஸ்ஸையே இரண்டு நிமிஷம் நிறுத்திவிட்டார். உள்ளேயிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

நான் பயந்துதான் போயிருந்தேன். பதினேழு வயதிலிருந்து நான் தொட்டவர்கள் எல்லோரும் என்னிடம் உண்மையைத்தான் பேசியிருக்கிறார்கள். பேசாமல் அவர்களால் முடியாது. என் கைவேலை இல்லாத ஒருவரை நம்ப எனக்குப் பழக்கமில்லை. கடையில் "நாளைக்குத் தாரேன்" என்பவர்களைக்கூட அப்பாதான் நம்புவார்.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அவன் சொல்லுகதெல்லாம் நெசந்தான்னு எப்படித் தெரியும் உனக்கு?" என்றார்.

"தெரியாதுப்பா" என்றேன்.

"பொறவு?"

"நம்புதேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன் அம்மைக்கும் எனக்கும் அப்படித்தான் ஓடிச்சு. நல்லாத்தான் ஓடிச்சு" என்றார். இன்று காலை குளித்துச் சட்டை மாற்றி, விழிஞ்ஞத்துக்குப் போய் மீன் சொல்லிவைத்து வருகிறேன் என்று பஸ் ஏறிவிட்டார். நான்கு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்.

எனவே வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்கள் இங்கே வர வேண்டும். உங்கள் அம்மாவைப் பார்க்க அடுத்த வாரம் நான் வருகிறேன். நெய்மீன் கிடைத்தால் குழம்பு, மத்தி என்றால் வறுவல். மத்தியில் முள் அதிகம், இடது கையால் எடுக்க வராது. நான் எடுத்துத் தருகிறேன்.

நீங்கள் மீன் சாப்பிடுவீர்களா என்று இதுவரை கேட்கவே இல்லை. பிடிக்காது என்றால் லிபி சேச்சியிடம் சொல்லிவிடுங்கள், சாம்பார் வைக்கிறேன். பிடிக்காமலே பிடிக்கும் என்று சொன்னாலும் சொல்லுங்கள். நம்பி, இன்னொரு துண்டு வைப்பேன்.

மாடத்தி